கைபேசிவழி போலி மருந்து அறிதல்

கைபேசிவழி போலி மருந்து அறிதல் என்பது, மருந்துப் பெட்டியிலோ மாத்திரை அட்டையிலோ மறைத்து அச்சிடப்பட்ட ஓர் எண்ணை வாங்குபவரே குறுஞ்செய்தியாக அனுப்பி, அந்த மருந்து உரிய தயாரிப்பாளரிடமிருந்து வந்ததுதானா என்று சில நொடிகளில் தெரிந்துகொள்ளும் முறையாகும். 2007ஆம் ஆண்டையொட்டி கானாவில் உருவான இம்முறை, 2010இல் நைஜீரிய அரசின் ஆதரவோடு பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் கென்யா, இந்தியா முதலிய நாடுகளுக்கும் சென்றது. ஆப்பிரிக்காவில் பிறந்து வெளியே பரவிய தொழில்நுட்பங்களைப் பேசும்போது கைபேசிவழிப் பணப்பரிமாற்றமே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. இதற்கும் அந்த வரிசையில் இடம் உண்டு.

பின்னணி

நைஜீரியாவின் மருந்துச் சந்தை நீண்ட காலம் திறந்த வெளிச் சந்தையாகவே இருந்தது. ஒனிச்சா, அபா, கானோ, லாகோசின் இடுமோட்டா ஆகிய இடங்களில் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே மருந்து மொத்த விலைக்கு விற்கப்பட்டது. மருந்தாளுநர் பட்டம் பெற்றவர் நடத்தும் கடைகள் நகரங்களில் மட்டுமே இருந்தன. சிற்றூர் மக்களுக்குப் பெட்டிக்கடைக்காரரும் கூடையில் மருந்து சுமந்து விற்பவருமே மருந்தாளுநர்கள். மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மேலே இரண்டு மூன்று கைகளுக்கு அப்பால் யாருக்கும் விடை தெரியாது.

இதன் விலை உயிர்களாகக் கொடுக்கப்பட்டது. 1990இல் பாரசிட்டமால் பானத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருந்ததால் நைஜீரியாவில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 1995இல் பக்கத்து நாடான நைஜரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, நைஜீரியா நன்கொடையாக அனுப்பிய தடுப்பூசிகளுக்குள் போலி கலந்திருந்தது. குப்பிகளில் பெரிய நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. உள்ளே மருந்து இல்லை. ஏறத்தாழ 60,000 பேருக்கு அது போடப்பட்டதாகவும் 2,500 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார அமைப்பின் வெளியீடுகள் குறிப்பிடுகின்றன. நன்கொடை கொடுத்தவர்களுக்கும் அது போலி என்று தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது. ஓர் அரசாங்கமே ஏமாறும் இடத்தில் கிராமத்துத் தாய் எப்படித் தப்புவாள்?

டோரா அக்குன்யிலியின் காலம்

நாஃப்டாக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நைஜீரிய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு முகமை 1993இல் அமைக்கப்பட்டது. முதல் சில ஆண்டுகள் அது பெயரளவில்தான் இருந்தது எனலாம். 2001 ஏப்ரலில் மருந்தியல் பேராசிரியர் டோரா அக்குன்யிலி அதன் தலைமை இயக்குநரானார். நீரிழிவு நோயாளியான அவருடைய தங்கை விவியன், போலி இன்சுலின் போடப்பட்டதால் 1988இல் இறந்திருந்தார். இந்தப் பணியை அக்குன்யிலி வெறும் பதவியாகக் கருதாததற்கு இது ஒரு காரணம்.

துறைமுகங்களில் ஆய்வாளர்கள் மாற்றப்பட்டனர். ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சரக்கைச் சோதித்துச் சான்று பெறும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. பிடிபட்ட மருந்துகள் பொது இடத்தில் மலைபோல் குவித்து எரிக்கப்பட்டன. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் போலி எது, அசல் எது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்பட்டது. கள்ள வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2003 டிசம்பரில் அனம்பிரா மாநிலத்தில் அவருடைய வாகனத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு குண்டு அவருடைய தலைத்துணியைத் துளைத்து மண்டைத் தோலை உரசிச் சென்றது. அவ்வழியே வந்த பேருந்தின் ஓட்டுநர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு லாகோசில் முகமையின் அலுவலகம் தீக்கிரையானது. இவ்வளவுக்கும் நடுவே, பிடிபட்டவருக்குச் சட்டம் விதித்தது சிறை அல்லது அதிகம் போனால் 5 லட்சம் நைரா அபராதம். ஒரு கொள்கலன் சரக்கில் கிடைக்கும் ஆதாயத்தோடு ஒப்பிட்டால் அந்த அபராதம் தொழில் செலவுதான்.

ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் நாஃப்டாக் பதிவு எண் அச்சிடப்பட வேண்டும் என்ற விதி மக்களிடையே நன்கு அறிமுகமானது. எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள் என்ற பரப்புரை பலன் தந்தது. ஆனால் அந்த எண் ஒரு மருந்து வகைக்கு ஒன்றுதான். அசல் பெட்டியைப் பார்த்து அச்சகத்தில் அதே எண்ணைப் போட யாராலும் முடியும். ஒளியில் மின்னும் முத்திரைக்கும் இதே கதிதான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அடையாளம் என்றால் அது அச்சுக்காரனின் திறமையைச் சோதிக்கும் தேர்வு மட்டுமே. அந்தத் தேர்வில் போலிக்காரர்கள் நன்றாகவே தேறினர்.

2009இல் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று அச்சிட்ட மலேரியா மருந்துகள் ஒரு சரக்கில் பிடிபட்டன. விசாரித்தபோது அவை சீனாவில் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. இந்திய அரசு இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. மருந்தைப் போலவே நாட்டின் பெயரும் போலியாக்கப்படும் பண்டமாகிவிட்டது.

சுரண்டு அட்டையிலிருந்து

நைஜீரியாவில் ஜிஎஸ்எம் கைபேசிச் சேவை 2001 ஆகஸ்டில் தொடங்கியது, அதாவது அக்குன்யிலி பதவியேற்ற சில மாதங்களில். அதற்கு முன் தொலைபேசி என்பது வசதி படைத்தவர் வீட்டுப் பொருள். அடுத்த சில ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் கையில் கைபேசி வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் கைபேசிக் கட்டணம் பெரும்பாலும் முன்பணமாகவே செலுத்தப்பட்டது. தெருமுனையில் சிறு அட்டை வாங்கி, சாம்பல் நிறப் பூச்சை நாணயத்தால் சுரண்டி, வெளிப்படும் எண்ணை அழுத்தினால் பேசுநேரம் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் பழகியிருந்தனர்.

கானாவைச் சேர்ந்த பிரைட் சைமன்சும் அவருடைய தோழர்களும் 2007இல் தொடங்கிய எம்பெடிகிரி, இந்தப் பழக்கத்தையே மருந்துக்குக் கொண்டுவந்தது. இயற்கை வேளாண் விளைபொருள் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குக் காட்டும் வழியைத் தேடியதிலிருந்தே சைமன்சுக்கு இந்த எண்ணம் வந்தது. தக்காளியின் பிறப்பிடத்தை அறிவதைவிட மாத்திரையின் பிறப்பிடத்தை அறிவது அவசரமானது என்பது விரைவில் புலப்பட்டது. தொடக்கத்தில் இப்பணியில் இணைந்திருந்த அஷிஃபி கோகோ என்ற மற்றொரு கானா நாட்டுப் பொறியாளர், பின்னர் அமெரிக்காவில் ஸ்பிராக்சில் என்ற தனி நிறுவனத்தை நிறுவினார். இவ்விரண்டும் பின்னாளில் ஒரே சந்தையில் போட்டியாளர்களாயின.

செயல்முறை எளியது. தயாரிப்பாளர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி எண்ணைப் பெறுகிறார். அது வரிசை எண் அல்ல, ஒழுங்கற்ற எண். அதன்மேல் சுரண்டும் பூச்சு இடப்படுகிறது. வாங்குபவர் சுரண்டி, எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார். கணினி தன் பட்டியலில் அந்த எண் உள்ளதா, முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறது. எண் பட்டியலில் இருந்து, இதுவே முதல் கேள்வி என்றால் மருந்தின் பெயரோடு "சரி" என்று விடை வரும். இல்லையென்றால் எச்சரிக்கையும், தகவல் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண்ணும் வரும். அனுப்பியவருக்குக் கட்டணம் இல்லை.

ஒழுங்கற்ற எண் என்பதில்தான் இதன் வலிமை இருக்கிறது. 12 இலக்க எண் என்று கொண்டால், மொத்தம் 1 லட்சம் கோடி எண்கள் சாத்தியம். அவற்றில் 10 கோடி எண்களே வழங்கப்பட்டிருந்தால், போலிக்காரன் மனம்போனபடி எழுதும் எண் பட்டியலில் இருப்பதற்கு 10,000இல் ஒரு வாய்ப்புதான். அசல் பெட்டி ஒன்றை வாங்கி அதன் எண்ணை ஆயிரம் பெட்டிகளில் அச்சிட்டாலும், முதலில் கேட்பவருக்கு மட்டுமே "சரி" கிடைக்கும். மற்றவர்களுக்கு எச்சரிக்கை போகும். ஒரே எண்ணைப் பற்றி கானோவிலிருந்தும் லாகோசிலிருந்தும் ஒரே வாரத்தில் கேள்வி வந்தால், போலி எந்தப் பாதையில் பயணிக்கிறது என்ற வரைபடமும் கிடைத்துவிடும். சரக்குந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய ஆய்வாளர்களுக்கு இது புதிய கண்.

அரசு ஏற்பு

அக்குன்யிலி 2008இன் இறுதியில் முகமையை விட்டு விலகி அமைச்சரானார். அவருக்குப் பின் வந்த பால் ஓர்ஹீ, கருவிகளிலும் தொழில்நுட்பத்திலும் நம்பிக்கை வைத்தவர். 2010இல் அவர் காலத்தில்தான் நாஃப்டாக்கின் கைபேசிச் சரிபார்ப்புச் சேவை தொடங்கப்பட்டது. முதலில் எண் ஏறிய மருந்துகளுள் ஒன்று, நீரிழிவுக்கான குளுக்கோஃபேஜ். நைஜீரியாவில் அதை விநியோகித்த பயோஃபெம் நிறுவனம் ஸ்பிராக்சிலின் எண்களைப் பெட்டிகளில் ஒட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் எம்பெடிகிரியும் எச்பி நிறுவனமும் கானா, நைஜீரியா இரண்டிலும் கூட்டாகச் சேவை தொடங்கின. பின்னர் மலேரியா மருந்துகளுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் இத்தகைய எண் கட்டாயம் என்று நாஃப்டாக் அறிவித்தது. போலிகள் அதிகம் புழங்கியவை இவைதாம் என்பதால் அத்தேர்வு சரியானதே.

செலவை ஏற்றவர்கள் தயாரிப்பாளர்கள். மக்கள் நலனில் கொண்ட அக்கறை மட்டும் அதற்குக் காரணமன்று. போலியால் அவர்களின் விற்பனை பாதிக்கப்பட்டது. எண் உள்ள பெட்டியை மக்கள் தேடி வாங்கினால் பெட்டிக்குச் சிறிது செலவழிப்பதில் நட்டமில்லை. ஆய்வகம் கட்டப் பணமில்லாத நாட்டில் தயாரிப்பாளரின் தன்னலத்தைக் கொண்டே காவல் வேலையை நடத்தியது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் எந்த நிறுவனத்துக்கு இழக்க ஒரு பெயர் இருக்கிறதோ அது மட்டுமே இதற்கு முன்வரும் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது.

போலி என்ற சொல்லின் சண்டை

இந்தச் சேவைகள் பிறந்த அதே ஆண்டுகளில், எது போலி மருந்து என்பதைப் பற்றியே உலக அரங்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில், பிரேசிலுக்குச் சென்றுகொண்டிருந்த இந்தியத் தயாரிப்பான லோசார்ட்டன் என்ற இரத்த அழுத்த மருந்தை நெதர்லாந்துச் சுங்கத்தினர் வழியில் தடுத்து வைத்தனர். இந்தியாவிலும் பிரேசிலிலும் அதற்குக் காப்புரிமைத் தடை இல்லை. வழியிலிருந்த நாட்டில் உரிமை இருந்தது என்பதே காரணம். 2009இல் நைஜீரியாவுக்குச் சென்ற அபாகாவிர் என்ற எச்ஐவி மருந்தும் அங்கே இவ்வாறு நிறுத்தப்பட்டது. இவை தரத்தில் குறைந்தவை அல்ல, யாரையும் ஏமாற்றச் செய்தவையும் அல்ல. இந்தியாவும் பிரேசிலும் உலக வணிக அமைப்பில் இதை எதிர்த்தன.

வணிகச் சின்ன மீறலும், காப்புரிமைத் தகராறும், நஞ்சு கலப்பும் "போலி" என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டதே குழப்பத்தின் வேர். கென்யாவின 2008ஆம் ஆண்டுச் சட்டம் மலிவான மாற்று மருந்துகளையும் இந்த மூட்டைக்குள் இழுத்தது. எச்ஐவியோடு வாழ்ந்த மூவர் தொடுத்த வழக்கில் 2012இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் உரிய பிரிவுகள் வாழ்வுரிமைக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. இறுதியில் 2017இல் உலக சுகாதார அமைப்பு வணிகச் சின்னம் சார்ந்த பழைய சொல்லைக் கைவிட்டு, "தரக்குறைவானவை", "பொய்யாக்கப்பட்டவை" என்று பிரித்துப் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு அது வெளியிட்ட ஆய்வு, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் பத்தில் ஒரு மருந்து இவ்விரண்டில் ஒரு வகையைச் சேர்ந்தது என மதிப்பிட்டது.

இந்தப் பிரிவினை வெறும் சொல் விளையாட்டன்று. கைபேசி எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதும் அதே கோட்டில்தான் பிரிகிறது.

எண் காட்டாதவை

2008 நவம்பரில் நைஜீரியாவில் "மை பிக்கின்" என்ற பல்முளைப்புப் பானத்தைக் குடித்த குழந்தைகள் இறக்கத் தொடங்கினர். அந்நாட்டுக் கொச்சை ஆங்கிலத்தில் அப்பெயருக்கு "என் பிள்ளை" என்று பொருள். 84 குழந்தைகள் பலியாயினர். அந்தப் பானம் போலி அன்று. பதிவு பெற்ற மருந்து, உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு. கரைப்பானாக வாங்கிய புரோப்பிலீன் கிளைக்காலின் இடத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் வந்து சேர்ந்திருந்தது. 1990இல் கொன்ற அதே நஞ்சுதான். அந்தப் புட்டிகளில் சுரண்டும் எண் ஒட்டப்பட்டிருந்து, தாய்மார்கள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலும் "சரி" என்றே விடை வந்திருக்கும். எண் சோதிப்பது பெட்டியின் பிறப்பிடத்தை. உள்ளிருக்கும் திரவத்தை அது சோதிப்பதில்லை.

வேறு ஓட்டைகளும் இருந்தன. பெட்டியில் அச்சிட்ட குறுஞ்செய்தி எண்ணையே மாற்றி, எதைக் கேட்டாலும் "சரி" என்று விடையளிக்கும் தங்கள் எண்ணைப் போலிக்காரர்களால் போட முடியும். பத்து மாத்திரை கொண்ட அட்டையை வெட்டி இரண்டு இரண்டாக விற்கும் கடையில் எண் யார் கைக்குப் போகும்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வாங்க ஓடிவந்தவர் கடை வாசலில் நின்று சுரண்டிக்கொண்டிருப்பாரா என்பதும் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2019 பிப்ரவரியில் மருத்துவர் சீட்டில் தரப்படும் மருந்துகளுக்குத் தனி எண்ணைக் கட்டாயமாக்கியபோது, அதைச் சரிபார்க்கும் கடமையை மருந்தாளுநரிடம் வைத்தது. துருக்கி 2010இலேயே ஆலை முதல் மருந்துக்கடை வரை பெட்டிகளைப் பின்தொடரும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. அங்கெல்லாம் நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை. நைஜீரியாவில் அரசு சுமக்க முடியாததை நோயாளியின் தோளில் வைத்தார்கள் என்ற குறை சொல்லப்படக் கூடியதே. ஆயினும் சுமக்க வேறு யாரும் இல்லாத நேரத்தில் அது ஒன்றுமில்லாததைவிட மேல்.

உள்ளடக்கத்தையே சோதிக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. நாஃப்டாக் 2010 அளவில் ட்ரூஸ்கேன் என்ற கையடக்க ஒளிச்சிதறல் கருவியைக் களத்தில் இறக்கியது. ஒளி ஊடுருவும் உறையைப் பிரிக்காமலே மாத்திரையின் இராமன் நிறமாலையை அசலோடு ஒப்பிடும் கருவி அது. விலை மிக அதிகம் என்பதால் ஆய்வாளர் கையில் மட்டுமே இருக்க முடிந்தது. அமெரிக்காவில் டோனி பார்ஸ்டிஸ், மரியா லீபர்மன் ஆகிய வேதியியலாளர்கள் மறுகோடியிலிருந்து தொடங்கினர். ஓர் அட்டையில் பன்னிரண்டு பாதைகளில் வேதிப்பொருள்கள் உலர வைக்கப்பட்டிருக்கும். மாத்திரைத் தூளை அட்டையின் குறுக்கே தேய்த்து, அடிப்பகுதியைத் தண்ணீரில் நனைத்தால் சில நிமிடங்களில் நிறங்கள் ஏறும். அந்த நிறவரிசையைக் கைபேசியில் படமெடுத்து அசலின் படத்தோடு ஒப்பிடலாம். சுண்ணாம்பையோ மாவையோ மாத்திரையாக்கியவன் இதில் உடனே சிக்குவான். நைஜீரியாவின் அடெபாயோ அலோங்கே தொடங்கிய ஆர்எக்ஸ்ஆல் நிறுவனம், கைபேசியோடு இணைந்த சிறு நிறமாலைக் கருவியை உருவாக்கியது. பதின்ம வயதில் போலி மருந்தால் மூன்று வாரம் நினைவிழந்து கிடந்தவர் அவர்.

இந்தியாவில்

ஸ்பிராக்சில் 2011இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே ஃபார்மாசெக்யூர் என்ற நிறுவனம் இங்கு மாத்திரை அட்டைகளில் தனி எண் அச்சிடும் பணியில் இறங்கியிருந்தது. தேவை இருந்தது என்பதற்குச் சென்னையே சான்று. 2010 மார்ச்சில், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சிட்டு மீண்டும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. அம்மருந்துகள் உண்மையான நிறுவனங்களின் உண்மையான தயாரிப்புகள். தேதி மட்டுமே பொய். பெட்டிக்கு ஒரு தனி எண்ணும் அதன் காலாவதித் தேதியும் கணினியில் பதிவாகியிருந்தால் இந்த மோசடி ஒரு குறுஞ்செய்தியில் வெளிப்பட்டிருக்கும். கைபேசி முறைக்கு இதைவிடப் பொருத்தமான குற்றம் அரிது.

ஆனால் இந்தியா சென்ற வழி வேறு. 2011 முதல் ஏற்றுமதி மருந்துகளின் பெட்டிகளுக்குப் பட்டைக்குறி விதிகள் படிப்படியாக வந்தன. உள்நாட்டில் விற்பவற்றுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல்தான், அதுவும் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு மட்டும், கியூஆர் குறி கட்டாயமாயிற்று. திறன்பேசியில் படித்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை தெரியும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு அட்டைக்கும் தனியான எண் என்பது இல்லை. ஒரே பேட்சைச் சேர்ந்த எல்லாவற்றிலும் ஒரே குறி இருக்கலாம். அதைப் படமெடுத்து வேறோர் அட்டையில் அச்சிட்டாலும் திறன்பேசி அதே விவரத்தைத்தான் காட்டும். கானாவில் 2007இல் தீர்க்கப்பட்ட கணக்கு இங்கே பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

2022இல் ஹரியானாவில் தயாரான இருமல் மருந்துகள் காம்பியாவில் எழுபது அளவிலான குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்டன. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு குழந்தைகள் இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வகம் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதைக் கண்டறிந்தது. அந்தப் புட்டி போலி அன்று. அதன் உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் உண்மையானவை.